மழையைக் கேட்டுக் கிளம்புங்கள்

பள்ளிக்கூடம் முழுப்பரீட்சைத் தேதியை அறிவித்ததும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "லீவுக்கு எங்க போறோம்?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். ஊட்டி, இல்லையென்றால் கொடைக்கானல். மதுரையிலிருந்து கொடைக்கானல் கூப்பிடு தூரம் என்பதால் எங்கள் தெருவில் பாதிப் பேர் மே மாதம் அங்கேதான் இருப்பார்கள். வத்தலக்குண்டு தாண்டி மலையேற ஆரம்பித்ததும் வண்டிகள் வரிசையாக நின்றுவிடும். மேலே போனால் ஏரியைச் சுற்ற இடமிருக்காது. அறை வாடகை மற்ற மாதங்களில் சொல்வதைப் போல இரண்டு மூன்று மடங்காகிவிடும். ஊருக்குத் திரும்பிய பிறகு பிள்ளைகளுக்கு ஞாபகம் இருப்பது டிராஃபிக் மட்டும்தான்.

இதைப் பார்த்துப் பார்த்து நான் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டேன். இடத்தை முதலில் முடிவு செய்வதில்லை. மாதத்தை வைத்துக்கொண்டு, அந்த மாதத்தில் மழை எங்கே இருக்கிறது, எங்கே பெய்து ஓய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். இடம் தானாக அமைந்துவிடும். தமிழ்நாட்டில் இது மிக நன்றாக வேலை செய்கிறது. காரணம், நமக்கு இரண்டு மழைக்காலம்.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் ஊர் சுற்றும்போது யாரும் நினைப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கேரளாவில் கொட்டுகிறது, மேற்குத் தொடர்ச்சி மலை அதைத் தடுத்துவிடுகிறது, மதுரையில் நமக்கு வெறும் காற்று. அந்த மலைச்சுவரில் இரண்டு இடத்தில் பெரிய இடைவெளி இருக்கிறது. ஒன்று பாலக்காட்டுக் கணவாய். இன்னொன்று செங்கோட்டைப் பக்கம். அந்த வழியாக மழையின் ஓரம் நம் பக்கம் எட்டிப் பார்க்கும். பிறகு அக்டோபர் கடைசி வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். மாநிலத்தின் வருஷ மழையில் ஏறக்குறைய பாதி அப்போது கிடைப்பதுதான். ஏரிகள் நிறைவதும், கிழக்கே பார்த்த மலைகளில் அருவி விழுவதும் அந்த மழையால்தான். ஆக, ஜூலையில் பார்க்க வேண்டிய ஊர் வேறு, ஜனவரியில் பார்க்க வேண்டிய ஊர் வேறு. மே மாதத்தில் எல்லாரும் ஒரே இரண்டு மலையில் போய் நெருக்க வேண்டிய அவசியமே இல்லை.

என்னைக் கேட்டால், வருஷத்தில் ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்பவர்கள் ஜூலையில் குற்றாலம் போக வேண்டும்.

இதைச் சொன்னதும் எங்கள் பெரியம்மா, "ஏன்டி, மழையில எவளாவது ஊருக்குக் கிளம்புவாளா?" என்றார். அந்த மழையைப் பார்க்காதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். குற்றாலத்து ஜூலை மழை நம் ஐப்பசி மழை மாதிரி வானத்தைப் பிளந்துகொண்டு வராது. செங்கோட்டை இடைவெளி வழியாக வருகிற காற்று, மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழையின் பொடியைக் கொண்டுவந்து முகத்தில் தெளிக்கும். அதுதான் சாரல். அடிக்கும், நிற்கும், கொஞ்சம் வெயில் வரும், மறுபடி அடிக்கும். குடை பிடித்தால் காற்று பறித்துக்கொண்டு போகும், பிடிக்காவிட்டாலும் பெரிதாக நனைய மாட்டோம். மதுரையில் அப்போது அனல் இன்னும் அடங்கியிருக்காது. மூன்று நான்கு மணி நேரப் பயணத்தில் வேறு பருவத்துக்குள் போய்விடுகிறோம்.

முடிந்தால் ரயிலில் போங்கள். மதுரையிலிருந்து செங்கோட்டை போகிற ரயில் விருதுநகர், சிவகாசி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூரைத் தொட்டதும் தெற்கே திரும்பி மலையை ஒட்டியே போகும். வலது பக்க ஜன்னலில் உட்கார வேண்டும். ராஜபாளையம் தாண்டி சங்கரன்கோவில், கடையநல்லூர் என்று போகப் போக, மலை உச்சியில் மேகம் கட்டியிருப்பது தெரியும். தென்காசியில் இறங்கியதும் காற்று அடிக்கிற விதத்திலேயே சீசன் எப்படி என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

குளியல் விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குற்றாலத்தில் இருப்பது ஒரு அருவி இல்லை. மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று தனித்தனி. ஒரு இடத்தில் தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டிருந்தால், இன்னொரு இடத்தில் அளவாக விழுந்துகொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குப் புலியருவி போதும். எதில் எப்படி விழுகிறது என்பது காலையில் ஒன்று, மதியம் ஒன்று. நான் கிளம்புவதற்கு முந்தின நாள் தங்கப்போகிற லாட்ஜுக்கு ஃபோன் போட்டுக் கேட்பேன். "அக்கா, ஐந்தருவியில நல்லா விழுது. மெயினருவியில ஆர்ச்சுக்கு மேல தண்ணி வருது, இன்னிக்கு விடல. நாளைக்குக் காலையில சரியாயிரும், வாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். எந்த ஆப்பிலும் இந்தத் தகவல் கிடைக்காது.

தடை என்றால் தடைதான். இதில் நான் பிடிவாதமாகவே பேசுவேன். அருவியடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைமேல் எங்கேயோ பெய்த மழை வெள்ளமாக இறங்கிவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் சட்டென்று செம்மண் நிறமாக மாறினாலோ, இலையும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, யாரும் விசில் ஊதும்வரை காத்திருக்கக் கூடாது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். குளிக்க முடியாத நாளில் செய்வதற்கு ஊரில் வேலை இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபை அங்கேதான். சுவர் முழுக்க ஓவியம். குற்றாலத்துக்கு வருஷா வருஷம் போகிறவர்களில் பலர் அதற்குள் எட்டிப் பார்த்ததில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பக்கத்திலேயே செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற ரயில்பாதை. 1904-இல் மீட்டர்கேஜாகப் போட்ட பாதை, அகலப்பாதையாக மாற்றி 2018-இல் மறுபடி திறந்தார்கள். ஆரியங்காவு குகை, பதிமூன்று கண் பாலம், தென்மலைக் காடு என்று ரயில் மெதுவாக ஊர்ந்து போகும். ஜூலையில் இந்தப் பக்கம் சாரலில் ஏறி, குகையைத் தாண்டி அந்தப் பக்கம் கனமழையில் வெளியே வரலாம். மழை எப்படி மலையில் முட்டி நிற்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அருவிக் குளியலுக்குப் பிறகு வருகிற பசி தனி. பார்டர் பக்கத்துப் பரோட்டா, நாட்டுக்கோழி, எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வருவது பழக்கடைகள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் சீசனில் குவியலாகக் கிடக்கும். மங்குஸ்தானை அழுத்திப் பார்த்து, கொஞ்சம் மெத்தென்று இருப்பதை எடுங்கள், கல் மாதிரி இருந்தால் வேண்டாம்.

ஊட்டிக்கு வருகிறேன். ஊட்டி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நீலகிரி என்பது ஒரே மழை பெய்கிற ஒரே மலை இல்லை என்பதைத்தான் சொல்ல வேண்டும். மேற்குப் பக்கம், அதாவது கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, தென்மேற்கு மழையை நேராக வாங்குகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சென்னைக்கு அரை வருஷத்துக்கும் மேல் பெய்கிற மழை அது. கிழக்குப் பக்கமான குன்னூர், கோத்தகிரி அந்த மாதங்களில் மலைக்கு மறைவில் இருக்கும். குளிரும், காற்றும், அவ்வப்போது தூறலும்தான். அதனால் ஜூலை, ஆகஸ்டில் நீலகிரி போக நேர்ந்தால் நான் கோத்தகிரியில் தங்குவேன். அக்டோபர், நவம்பரில் கதை தலைகீழ். வடகிழக்கு மழை குன்னூர்ச் சரிவைத்தான் முதலில் அடிக்கும்.

இது மலைரயில் ஆசை உள்ளவர்களுக்கு முக்கியம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். ஊட்டி வரை பாதை முடிந்தது 1908-இல். யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2005-இல். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சக்கரப் பாதை, அதைக் கடித்துக்கொண்டுதான் எஞ்சின் ஏறும். அழகு முழுக்க அந்தப் பகுதியில்தான் இருக்கிறது, நவம்பரில் மண் சரிவதும் அங்கேதான். பாறையும் மரமும் விழுந்து ரயிலை நாள்கணக்கில் ரத்து செய்துவிடுவார்கள். டிக்கெட் பணம் திரும்ப வரும், ஆனால் அந்த ஒரு ரயிலுக்காகவே கிளம்பி வந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது. ஜனவரி, பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், ஊட்டியில் விடியற்காலைப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது. திறக்கிற அன்று காலை எட்டு மணிக்கு உட்கார்ந்துவிட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் முயன்று பாருங்கள், அந்தப் பகுதியில் கூடுதல் ரயில்கள் ஓடுகின்றன.

ஒகேனக்கல்லுக்கு வேறு கணக்கு. அங்கே தண்ணீர் வருவது நம் மழையால் அல்ல, குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற மழையால். கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் திறந்துவிட்டால், தர்மபுரியில் ஒரு துளி விழாத நாளிலும் காவிரி பொங்கி வரும், பரிசலுக்குத் தடை வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் கர்நாடக அணைச் செய்தியைப் படிக்காமல் ஒகேனக்கல் கிளம்பாதீர்கள். வெள்ளம் வடிந்த பிறகு, அக்டோபருக்கு மேல் போனால் பரிசலும் உண்டு, மீனும் உண்டு.

ராமேசுவரம், தனுஷ்கோடி போகிறவர்கள் மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்பார்கள், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண்கடல் கொந்தளிக்கும், வடகிழக்குக் காற்றில் பெண்கடல் கலங்கும். இரண்டும் அடங்கியிருக்கிற பிப்ரவரி, மார்ச்சில் அரிச்சல்முனை வரை போய் நின்றால் ஒரு மணல் திட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடலை நிதானமாகப் பார்க்கலாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்கள் வழியிலேயே இருக்கின்றன. அங்கே சத்தம்போட்டு செல்ஃபி எடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. அத்தனை பேர் செத்த இடம் அது.

மார்ச் மாதத்தில் ஒன்று மட்டும் வேண்டாம். மலையேற்றம். ஜனவரிக்குப் பிறகு மழை இல்லாமல் மலைப்புல் முழுக்கக் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று போடி பக்கம் குரங்கணி மலையில் தீ பற்றியபோது, நடைபயணம் போனவர்கள் ஆளுயரக் காய்ந்த புல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தேனி மாவட்டத்தில் அந்த நாளை இன்னும் பேசுகிறார்கள். இப்போது வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 2024 அக்டோபரில் ஒரு திட்டம் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வகைப்படுத்தி, ஆன்லைனில் பதிவு செய்யும் வசதியோடு நடத்துகிறது. மலைக்கிராமத்து, பழங்குடி இளைஞர்களே வழிகாட்டியாக வருகிறார்கள். எந்த மரத்தின் பழத்தைக் கரடி தின்னும், யானை எந்தத் தடத்தில் தண்ணீருக்கு இறங்கும் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே நடப்பதற்காகவே போகலாம். காட்டுத்தீக் காலத்தில் அந்த நடைகளை நிறுத்திவைக்கிறார்கள். தெரிந்த நண்பர் கூட்டிப் போகிறேன் என்று சொன்னாலும் அந்தச் சமயத்தில் காட்டுக்குள் நுழையாதீர்கள். மழைக்குப் பின்னால் டிசம்பர், ஜனவரி இருக்கவே இருக்கிறது.

சரி, மே மாதம்தான் எல்லாருக்கும் லீவு, என்ன செய்வது என்று கேட்பீர்கள். என் அண்ணிக்கும் அதுதான் கேள்வி. "நீ சொல்றதெல்லாம் சரிதான் சுகன்யா, ஜூலையில இவனுக்கு ஸ்கூல் லீவ் போட முடியுமா?" என்றார். முடியாதுதான். குற்றாலத்துக்குச் சனி, ஞாயிறு போதும் என்று அவரைச் சமாதானப்படுத்தினேன், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டிக்கொண்டும் போனேன். மே மாதம் ஊட்டியோ கொடைக்கானலோதான் வேண்டும் என்றால், 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வத்தலக்குண்டிலிருந்து பேருந்தில் ஏறிவிட்டால் வண்டி நிறுத்த இடம் தேடுகிற தொல்லையும் சேர்த்துப் போகிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் இரண்டு மலையிலும் அனுமதிப்பதில்லை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுப்பாடுகளைச் சிலர் திட்டுகிறார்கள். கடை வைத்திருப்பவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கோடையில் மலைவாசிகள் குடிக்கிற தண்ணீருக்கே தட்டுப்பாடு வருகிற ஊரில், நாம் ஆயிரக்கணக்கில் வண்டியோடு போய் நிற்பது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மதுரை, திண்டுக்கல்காரர்களுக்கு சிறுமலை இருக்கிறது. 18 கொண்டை ஊசி வளைவு, காலையில் போய் சாயங்காலம் வந்துவிடலாம், திரும்பும்போது சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு. கொல்லிமலைக்கு 70 வளைவு. தலைசுற்றல் உள்ளவர்கள் வெறும் வயிற்றிலும் போகக் கூடாது, வயிறு நிறையத் தின்றுவிட்டும் போகக் கூடாது. அங்கே ஆகாய கங்கையைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்க வேண்டும், அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களை மேலே அறப்பளீசுவரர் கோயிலில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் போய் வரலாம். வடகிழக்கு மழைக்குப் பிறகுதான் அந்த அருவிக்கு முழு அழகு. மே மாதம் போனால் மலைக்குளிர்ச்சிக்காகப் போங்கள், அருவியை நம்பிப் போகாதீர்கள்.

பெரியவர்களைக் கூட்டிப் போவது பற்றித் தனியாகவே எழுதலாம். நம் வீடுகளில் பயணம் என்றால் தாத்தா, பாட்டி, கைக்குழந்தை எல்லாம் சேர்ந்ததுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அவர்கள் இல்லாத பயணம் பாதிப் பயணம். ஆனால் இடத்தை அவர்கள் காலுக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். எவ்வளவு நடை, எத்தனை படி, கழிப்பறை எங்கே, அறை தரைத்தளமா என்று நான்கு கேள்வியையும் முன்பதிவுக்கு முன்பே ஃபோனில் கேட்டுவிடுவேன். அப்பாவுக்கு முட்டி தேய்ந்த பிறகு எங்கள் வீட்டில் பறவைகள் சரணாலயங்கள்தான் அதிகம். நடை குறைவு, பார்க்க அவ்வளவு இருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு வேடந்தாங்கல். நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமாகிறது, பதிலுக்கு அவர்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. எங்களுக்கு நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம். அங்கே பறவையைப் பார்க்க டவர் ஏறத் தேவையில்லை. ஊருக்குள், வீட்டு வாசல் மரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால் ஊர்க்காரர்கள் எடுத்து வளர்ப்பார்கள். வாசலில் எச்சம் விழுகிறதே என்று அப்பா ஒரு அம்மாவிடம் கேட்டதற்கு, "அதுக வந்தாத்தான்யா மழை நல்லா பேஞ்சிருக்குன்னு அர்த்தம், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். இமயத்தைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து அந்தக் குளத்தில் மேய்கிறது என்று சொன்னபோது அப்பா வெகுநேரம் பைனாகுலரைக் கீழே இறக்கவே இல்லை.

குளம் நிறைந்தால்தான் பறவை நிறையும். அதனால் கூந்தன்குளத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன் நவம்பர், டிசம்பரில் நெல்லைப் பக்கம் மழை எப்படிப் பெய்தது என்று கவனித்துவருவேன். அணைகளில் நீர் இருப்பு, வானிலை ஆய்வு மையத்தின் தினசரி அறிக்கை இரண்டும் போதும். மஞ்சள் எச்சரிக்கை என்றால் ரெயின்கோட்டோடு போகலாம். மலை மாவட்டத்துக்கு ஆரஞ்சு என்றாலே நான் தேதியை மாற்றிவிடுவேன். அதற்காகத்தான் அறை பதியும்போது ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்று கேட்டுக்கொள்வது. ஐம்பது, நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்த வருஷம் பெரியம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கூந்தன்குளத்துக்குப் பொங்கல் கூட்டம் முடிந்த அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வைத்திருக்கிறோம். நெல்லை வரை ரயில், அங்கிருந்து வாடகை வண்டி, மதியத்துக்குக் கட்டுச்சோறு. விடியற்காலையிலேயே குளத்தங்கரையில் இருக்க வேண்டும் என்பதால் முந்தின ராத்திரி நெல்லையில் தங்கல், தரைத்தள அறை சொல்லியாகிவிட்டது.